பட்டுப்போன செம்பருத்தி வழக்கு

செடி நோய்ப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. செடிக்கு என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் ஒரு வகை. செடியை யார் இப்படிப் பண்ணினார்கள் என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. முப்பத்திரண்டு வருடமாக இரண்டு வகையையும் பார்த்துச் சலித்துப்போன டாக்டரம்மா, அன்று காலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரைப் பார்த்ததுமே இவர் இரண்டாவது வகை என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் உட்காருவதற்கு முன்பே ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை மேசை மேல் வைத்தார்.

"விஷம்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது அவள் தலைமேல்தான் இருந்தது. அவள் பணி ஓய்வு பெற இன்னும் ஏழு வாரம் பாக்கி. அவளுடைய முழங்கால்கள் இரண்டும் அதற்கெல்லாம் காத்திருக்காமல் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன.

அறையின் மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அவள் கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் அவர் இன்னமும் ஏட்டுதான். அண்ணன் இறந்த பிறகு அண்ணியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் தன் வேலை என்று தானாகவே தலையில் போட்டுக்கொண்டவர், இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே கிடப்பார். 'விஷம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

"யார் மேல சந்தேகம்?" என்றார், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி.

"சந்தேகம் எல்லாம் இல்ல. என் மருமக. கண்ணால பாத்தேன்."

பெரியவர் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். பேச்சும் அளந்துதான் வந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தி. அவர் மனைவி வைத்தது. வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த அம்மாள் இறந்து எட்டு மாதம். நாலு மாதமாகச் செடி நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வருகிறது. போன வாரம் சாயங்காலம் மருமகள் ஒரு வாளியைக் கொண்டுபோய் வேரில் கொட்டியதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா ஊத்தினேன்னு கேட்டேன். தண்ணின்னா. தண்ணி ஊத்தினா செடி சாகுமா? நீங்களே சொல்லுங்க. அந்த இடத்துல ஒரு ரூம் கட்டித் தையல் கடை போடணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. செடிதான் குறுக்கே நின்னுது. என் சம்சாரம் போனதுக்கப்புறம் அந்த வீட்ல அதை நினைக்கிறதுக்கு என்னை விட்டா நாதி இல்ல."

அவருடைய குரல் கடைசி வாக்கியத்தில் பிசிறியது. டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த இடத்தில் அவருடைய செருப்புகள் தெரிந்தன. விளிம்பு முழுக்கக் கறுப்புச் சேறு, இன்னும் காயாத சேறு. மழை பெய்து மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று ஒரு கணம் நினைத்தாள். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஒரு முழ நீளக் குச்சி. நகத்தால் தோலைச் சுரண்டினாள். நுனியில் உள்ளே பழுப்பு. கீழே வர வர மங்கலான பச்சை. ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து இலைகளும் முழுக்க மஞ்சள். எந்த இலையிலும் ஓரம் கருகியிருக்கவில்லை. எதுவும் சுருண்டு கோணியிருக்கவும் இல்லை.

"இதை வெச்சு எதையும் எழுத முடியாதுங்க. வேரைப் பாக்கணும்."

"அப்ப இன்னிக்கே வாங்க. நாலு மணிக்கு வண்டி வருது."

"என்ன வண்டி?"

"அவ சாமானை ஏத்த. வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டேன். அவ போனா நானும் போறேங்கறான் என் பையன். போகட்டும்." பெரியவர் பொட்டலத்தின் தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக. "ஆனா நான் சர்வே ஆபீஸ்ல இருந்தவன். கையில காகிதம் இல்லாம எல்லைக்கல்லை நகத்த மாட்டேன். விஷம் இல்லேன்னு நீங்க எழுதினா, இருன்னு என் வாயாலயே சொல்றேன். விஷம்னு எழுதினா அவ போறதுதான் நியாயம்."

டாக்டரம்மாவுக்கு அசதியாக இருந்தது. செடி செத்தால் மனிதர்களுக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. பூஞ்சைக்காளான் என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்கள்.

"ரெண்டு மணிக்கு வர்றோம்," என்றார் ஏட்டு, அண்ணியைக் கேட்காமலே.

வீடு சின்னது, ஆனால் அளந்து கட்டியது. முற்றத்தின் கோடியில், மதில் ஓரமாக, ஒன்றரை ஆள் உயரத்துக்கு நின்றது செம்பருத்தி. இடது பக்கம் முக்கால்வாசி வெறும் குச்சி. வலது பக்கத்தில் இலை இருந்தது, ஆனால் வாடித் தொங்கியது. கூடத்தில் வாசலை ஒட்டித் தையல் மெஷின் ஒரு போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டிகள். அவற்றைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போகவும் வரவும் வேண்டியிருந்தது. யாரும் அவற்றைப் பார்க்காதது போலவே தாண்டினார்கள்.

ஏட்டு இறங்கிய கையோடு விசாரணையைத் தொடங்கிவிட்டார். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரருக்குச் செடி மேல் என்ன காழ்ப்பு என்று ஆராய்ந்தார். செடி சாகட்டும் என்று யாராவது அடித்தண்டில் செம்பு ஆணி அறைந்திருக்கிறார்களா என்று விரலால் தடவினார். பின்கட்டு வாசலில் மருமகளின் செருப்பைத் தூக்கிப் பார்த்தவருடைய முகம் மலர்ந்தது.

"அண்ணி! சேறு! இதே சேறு!"

"சரி."

"என்ன சரி? குற்றம் நடந்த இடத்து மண்ணு!"

"மத்த செருப்பையும் பாத்துட்டு வாங்க," என்றாள் டாக்டரம்மா. முழங்காலுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, முனகிக்கொண்டே மண்டியிட்டாள்.

செடிக்கு அடியில் மண் பளபளத்தது. பாசி படிந்திருந்தது. வேரைச் சுற்றிலும் கோரைப் புல் கொழுகொழுவென்று, யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்தது போல் நின்றது. அதில் ஒன்றைப் பிடுங்கி ஏட்டிடம் நீட்டினாள்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. நம்ம சாட்சி."

ஏட்டு ஒன்றும் புரியாமலே அதை நோட்டுப் புத்தகத்துக்கு நடுவில் வைத்து மூடினார். அவள் சின்னக் களைக்கொத்தியால் ஒரு சாண் தோண்டியதும் குப்பென்று நாற்றம் வந்தது. ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு துள்ளினார்.

"கெமிக்கல்! சந்தேகமே இல்ல அண்ணி, கெமிக்கல்!"

"நம்ம தெருச் சாக்கடை நாறறதுக்கு யாரு கெமிக்கல் ஊத்தினா?" என்றாள் அவள். அகப்பட்ட வேரை விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல இழுத்தாள். வேரின் தோல் உறை கழல்வது போலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செடிக்கு என்ன என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதோடு கிளம்பிப் போய்விடலாம் என்றும் இருந்தது. ஆனால் பத்தொன்பது வருடம் வராத நோய் இந்த எட்டு மாதத்தில் ஏன் வந்தது என்பதுதான் புரியவில்லை.

மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், செடிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் உடம்பை நுழைத்தாள். அங்கே ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டுத் தளம். அதன் மேல் வட்டம் வட்டமாகக் கறை. பெரிசும் சிறிசுமாகப் பதினொன்று. மூலையில் ஒரு பூவாளி. அதன் மூக்கில் இருக்கவேண்டிய சல்லடையைக் கழற்றி யாரோ கைப்பிடியில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கம்பி துருப்பிடித்திருந்தது, கட்டிப் பல வருடம் ஆகியிருக்கும். பூவாளியின் அடியில் மட்டும் ஈரம், இன்று காலை ஈரம்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். கிளைகளின் இடுக்கு வழியாக வீட்டின் மூன்று ஜன்னல்களும் தெரிந்தன.

பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய் இரண்டே கேள்விகள் கேட்டாள். முதலில் மருமகளிடம். அவள் அடுப்படியில் நின்று, ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமியார் செடிக்குத் தண்ணி ஊத்தி நீ பாத்திருக்கியாம்மா?"

"தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு. இதோ, இந்த ஜன்னல்லேருந்து பாப்பேன். பூவாளியைத் தூக்கிட்டுச் செடிகிட்ட போவாங்க. அரை மணி நேரம் கழிச்சுத்தான் வருவாங்க."

"இப்ப இந்த வீட்ல அந்தச் செடி மேல யாருக்கு அக்கறை?"

மருமகள் துணியைப் பிழிந்தாள். "அத்தைக்கு அப்புறம் அதைத் திரும்பிப் பாத்தது நான் மட்டும்தான். ஆனா நான் சொன்னா யாரு நம்புவா? தண்ணின்னு சொன்னேன். தண்ணி ஊத்தினா செடி சாகுமான்னு மாமா கேக்கறார். எனக்குப் பதில் தெரியல." சட்டென்று கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில் வந்த நீர். "விஷம் வெக்கறவளா நான்? அத்தைக்குக் கடைசி மூணு மாசம் கஞ்சி ஊட்டினது இந்தக் கைதான்."

மகன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். காலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து மூடிய பெட்டி ஒன்றை முறைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா தண்ணி ஊத்தறதைப் பாத்திருக்கேன். இந்த ஜன்னல்லேருந்து. முதுகுதான் தெரியும்." அடுத்த கேள்விக்கு உதட்டைப் பிதுக்கினான். "அக்கறையா? அப்பாவுக்குக் கோபம்தான் இருக்கு, அக்கறை இல்ல. அவளுக்கு அவ கவலை. ஏதோ நான் ஒருத்தன்..." வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டான்.

பெரியவர் தன் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் சொன்னதும் அதேதான். இந்த நாற்காலியிலிருந்து பார்ப்பார். பூவாளியோடு போவாள். அதனால்தான் பத்தொன்பது வருடம் செடி நின்றது. அக்கறையைப் பற்றிக் காலையிலேயே சொல்லிவிட்டாராம்.

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா மூவரையும் முற்றத்துக்கு வரச் சொன்னாள். பெரியவர் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், மருமகள் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஏட்டு நடுவில், கைதுசெய்ய ஆயத்தமானவர் போல, பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரம்மா மட்டும் ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

"முதல்ல விஷம். ஏட்டு, அந்தக் கோரையைக் காட்டுங்க. நல்லாப் பாருங்க, எவ்வளவு பச்சையா இருக்கு! வேர்ல மருந்தோ மண்ணெண்ணெயோ சோப்புத் தண்ணியோ ஊத்தியிருந்தா முதல்ல இந்தப் புல்லுதான் கருகும். அப்புறம்தான் ஒன்றரை ஆள் உசரச் செடி. இலையும் ஓரம் கருகி இருக்கும். ஒண்ணும் இல்ல. இங்க யாரும் விஷம் வெக்கல."

மருமகள் நிலையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். பெரியவர் செடியைக் கையால் காட்டினார்.

"அப்ப செடி ஏன் சாகுது?"

"கோரை எங்க வளரும்னு சர்வேயருக்கு நான் சொல்லணுமா? தண்ணி நிக்கற நிலத்துல. மூணு வாரமா மழை இல்ல. இங்க பாசி புடிச்சிருக்கு. வேரும் மூச்சு விடணுமுங்க. மண்ணுல இருக்கற காத்தையெல்லாம் தண்ணி விரட்டிட்டா வேர் அழுகும். அந்த நாத்தம்தான் ஏட்டு புடிச்ச கெமிக்கல். வேர் அழுகிட்டா, கீழ குளமே இருந்தாலும் மேல தண்ணி ஏறாது. இலை வாடும். பாக்கறவங்களுக்குத் தண்ணி போதலைன்னு தோணும். இன்னும் ஊத்துவாங்க."

"அப்ப இவ ஊத்தின வாளிதானே..." என்று பெரியவர் கையை நீட்டினார்.

"ஒரு வாளியில இது ஆகாது. ஏட்டு, மத்த செருப்பெல்லாம் பாத்தீங்களா?"

ஏட்டின் முகத்தில் இப்போது கொஞ்சம் அசடு வழிந்தது. "பாத்தேன் அண்ணி. தம்பியோட ஆஸ்பத்திரி ஷூவிலும் அதே சேறு. அப்புறம்..." பெரியவரின் கால்களைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"காலையில என் மேசைக்கு முன்னாடியே அந்தச் சேறு வந்துச்சு," என்றாள் டாக்டரம்மா. "நீங்க எத்தனை மணிக்குங்க ஊத்தறீங்க?"

பெரியவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "விடியறதுக்கு முன்னாடி. அஞ்சு பூவாளி. ஒரு ஆம்பளை செடிகிட்ட நின்னு அழறதை யாரும் பாக்க வேண்டாம்னு."

"தம்பி?"

"வேலை விட்டு வந்ததும் ரப்பர் குழாயை வேர்ல போட்டுட்டு நிப்பேன். பத்து நிமிஷம்." மகன் அப்பாவைப் பார்க்காமல் சொன்னான். "அப்பா அந்த நேரம் தூங்குவார். பாத்தா அம்மா பேச்சு எடுப்பார்னு."

"நான் அத்தை ஊத்தற நேரத்துக்கு," என்றாள் மருமகள். "ரெண்டு வாளி. சொன்னா நடிப்புன்னு சொல்லுவாங்கன்னு சொல்லல. மாமா வெளியே போயிருக்கற நேரம் அது, போன வாரம் பாத்துட்டார். இத்தனை மாசத்துல அவர் பாத்தது அந்த ஒரு தடவைதான்."

ஒருவருடைய அன்பின் மேல் இன்னொருவர், அதன் மேல் மூன்றாமவர் என்று எட்டு மாதம் ஊற்றியிருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே தணிந்தும்விட்டது. கணவர் இறந்த வருடம் தன் வீட்டில் மட்டும் யார் யாரிடம் பேசினார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆனா என் சம்சாரமும் தினம் ஊத்தினாளே!" என்றார் பெரியவர், கடைசித் துரும்பைப் பிடிப்பவர் போல. "பத்தொன்பது வருஷம்! அப்ப ஏன் சாகல?"

"அவங்க இந்தச் செடிக்கு ஊத்தவே இல்லீங்க."

மூவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"வளர்ந்து நின்ன செம்பருத்திக்குத் தினம் தண்ணி எதுக்கு? அது அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. செடிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. சிமெண்டுத் தளத்துல பதினொரு வட்டம் இருக்கு. பூந்தொட்டி வெச்ச கறை. பூவாளிச் சல்லடையைக் கழட்டி வெச்சது சின்னத் தொட்டிக்குள்ள நேரா ஊத்தறதுக்கு. அந்தத் தொட்டிங்க எங்கம்மா?"

மருமகள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "துக்கம் கேக்க வந்தவங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போனாங்க. அத்தை ஞாபகமா இருக்கட்டும்னு நான்தான் குடுத்தேன். அதுக்கு ஊத்திட்டு மிச்சத்தைத்தான் செம்பருத்திக்கு ஊத்துவாங்கன்னு நினைச்சேன்."

"மூணு பேரும் மூணு ஜன்னல்லேருந்து முதுகைப் பாத்தீங்க. தண்ணி எங்க விழுதுன்னு பக்கத்துல போய் யாரும் பாக்கல."

 பெரியவர் மெல்ல நடந்து போய், டாக்டரம்மா நுழைந்த அதே சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். கிளைகளுக்குப் பின்னால் அவர் குனிவதும், ஒவ்வொரு வட்டமாக எண்ணுவதும் தெரிந்தது. அளந்து பழகிய மனிதர். இரண்டு தரம் எண்ணினார். பிறகு நிமிர்ந்தார். தன் ஜன்னலையும், தன் வெற்று நாற்காலியையும் அங்கிருந்து பார்த்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றார்.

தெருவில் வண்டியின் ஹாரன் கேட்டது. நாலு மணி.

மகன் கூடத்தைப் பார்த்தான். மருமகள் அசையவில்லை. 

பெரியவர் வெளியே வந்தார். தோளில் காய்ந்த இலை ஒட்டியிருந்தது. நேராக டாக்டரம்மாவிடம் வந்து, "பிழைக்குமா?" என்றார்.

"பாதிக்குப் பாதி. பட்டுப்போனதைப் பச்சை தெரியற வரைக்கும் வெட்டணும். தண்ணி வடியறதுக்கு வாய்க்கால் போடணும். அப்புறம் ஒரு மாசம் யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. சும்மா இருக்கணும். உங்க மூணு பேருக்கும் அதுதான் கஷ்டம்."

"எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"உள்ளதை."

அவள் பைக்குள்ளிருந்து அலுவலகப் படிவத்தை எடுத்து, முழங்கால் மேல் வைத்து எழுதினாள். செடி: செம்பருத்தி. வயது: பத்தொன்பது. நோய்: வேரழுகல். காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் அதை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரி வரியாகப் படித்தார். வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. அவர் காதில் வாங்கவில்லை. மருமகளிடம் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். உதடு இரண்டு முறை திறந்து மூடியது. கடைசியில் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"தண்ணின்னு போட்டிருக்கும்மா," என்றார். "நீ சொன்னதுதான்."